எந்த மீனும் எந்த மீனும்?

தொட்டியில் சண்டை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான். எந்த மீனும் எந்த மீனும்? தொட்டி எத்தனை அடி, ஃபில்டர் என்ன, தண்ணி எப்ப மாத்துனீங்க என்பதெல்லாம் அப்புறம். சிக்லிட் என்பது இடத்துக்காக மல்லுக்கட்டும் ஒரு பெரிய மீன் குடும்பம். அதன் சண்டையில் ஒரு பாதி, கல்லை இடம் மாற்றியோ மீனைக் கூட்டிக் குறைத்தோ தணிக்கக்கூடியது. மறுபாதி எதைச் செய்தாலும் அடங்காது, பிரித்துத்தான் ஆக வேண்டும். உங்களுடையது எந்தப் பாதி என்று தெரியாமல் யூடியூபில் பார்த்த வித்தையை எல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தால், வித்தை தீருவதற்குள் மீன் தீர்ந்துவிடும்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டு ஹாலில் ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன்கள் உள்ள தொட்டி ஒன்று, படுக்கையறைச் சுவரோரம் இன்னும் இரண்டு, மாடிப்படிக்குக் கீழே சண்டைக்காரர்களை அடைக்க ஒரு சின்னத் தொட்டி. இதற்குக் கட்டுகிற கரண்ட் பில்லில் ஒரு எருமை வாங்கிக் கட்டியிருக்கலாம் என்பது வீட்டுக்காரர் கணக்கு. அவர் கணக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக வரும்.

போன மாதம் பெருந்துறையிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். "அத்தை, பெரிய ஆஸ்கர் ஒருக்களிச்சுப் படுத்துட்டு இருக்குதுங்க. வாய் மட்டுந்தான் அசையுது. சீக்குங்களா?"

"சீக்கெல்லாம் இல்ல கண்ணு. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். கூட என்னென்ன விட்டிருக்கற?"

அவன் சொன்ன பட்டியலைக் கேட்டு நான்தான் உட்கார்ந்துவிட்டேன். நாலடித் தொட்டி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப் போட்டால் 255 லிட்டர், மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 220 தேறினால் அதிகம். அதற்குள் இரண்டு ஆஸ்கர், ஒரு ஜோடி கான்விக்ட், நாலு எல்லோ லேப், மூன்று ஆரட்டஸ், ஒரு பிளட் பேரட். கடையில் இரண்டு விரல் அளவில் எல்லாம் ஒரே தொட்டியில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. "எல்லாமே சிக்லிட்தான், ஒண்ணாவே வளரும்" என்று சொல்லிப் பையில் பிடித்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சொன்னதில் முதல் பாதி உண்மை.

ஆஸ்கர் அமேசான் படுகையில் மெதுவாக ஓடும் தண்ணீரில் வாழ்கிற மீன். கான்விக்ட் மத்திய அமெரிக்காவின் ஓடைகளில் பாறை இடுக்கில் முட்டை வைத்துக் காவல் காப்பது. எல்லோ லேபும் ஆரட்டஸும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறை மீன்கள். பிளட் பேரட்டுக்கு ஊரே கிடையாது. மனிதர்கள் கலந்து உண்டாக்கிய கலப்பு அது. வாய் சரியாக மூடாது, அதனால் கடி வாங்கத்தான் முடியும், திருப்பிக் கொடுக்க முடியாது. மூன்று திசை மீன்களையும் திசையே இல்லாத ஒன்றையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, ஏன் சண்டை போடுகின்றன என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். போனதும் தொட்டிக்குள் கையை விடவில்லை. தீனியும் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பலர் இதைச் செய்வதே இல்லை. யார் யாரை அடிக்கிறது என்பதைவிட, யார் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பிளட் பேரட்டும் இரண்டு எல்லோ லேபும் தண்ணீரின் மேல்மட்டத்தில், ஹீட்டருக்குப் பின்னால், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றன. துரத்தப்பட்ட மீன் ஒதுங்குகிற இடம் மேல் மூலைதான். மூலையில் நிற்கும் மீன் தீனிக்கும் வராது. கடிபட்டுச் சாவதைவிட இப்படிப் பட்டினி கிடந்தும் பயந்தும் சாகிற மீன்தான் அதிகம்.

இடது மூலையில் ஒரு மண் பூந்தொட்டி, விளிம்பில் ஒரு சில்லு உடைந்து, கவிழ்ந்து கிடந்தது. பெண் கான்விக்ட் அந்த உடைசல் வழியாக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. வயிற்றோரம் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தால் அது பெண். ஆண் வெளியே ஒரு ஜாண் தள்ளி நின்றது. மூன்று அங்குலம் இருக்கும். எட்டு அங்குல ஆஸ்கர் நடுத்தொட்டியைத் தாண்டி இப்படி ஒரு திருப்பம் திரும்பியதும், ஆண் செவுளை விரித்து, கறுப்புப் பட்டைகள் இன்னும் கறுக்க, நேராக அதன் கண்ணுக்கு எதிரே போய் நின்றது. கடிக்கக்கூட இல்லை. ஆஸ்கர் பின்வாங்கித் திரும்பியது; திரும்பிய வாக்கில் வாலில் ஒரு கடி. அப்புறம் ஆஸ்கர் வலது மூலைக்குப் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. மொபைல் டார்ச்சை அடித்துப் பூந்தொட்டிக்குள் காட்டினேன். உள்சுவரில் கடுகளவு முட்டைகள், நெருக்கமாக, ஒரு ரூபாய் அகலத்துக்கு மேல். பெண் அந்த முட்டைகள் மேல் தன் பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது.

"அது சின்ன மீனுங்க அத்தை, இதைப் போயி அடிக்குதே" என்றான்.

அளவு ஒரு பொருட்டே இல்லை. முட்டை வைத்த கான்விக்ட் ஜோடிக்கு நாலடித் தொட்டி முழுவதும் சொந்த வீடு. ஏறக்குறைய மூன்று நாளில் பொரியும், ஒரு வாரத்தில் குஞ்சு நீந்தும், பிறகு சில வாரம் அப்பனும் ஆத்தாளும் காவல். காவல் முடிந்த கையோடு அடுத்த முட்டை. முட்டையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று சொல்வார்கள். எடுத்தால் இரண்டொரு வாரத்தில் மறுபடி வைக்கும், அவ்வளவுதான். ஜோடி சேர்ந்த கான்விக்டுக்குத் தனித் தொட்டி. இதில் பேச்சே இல்லை. இரண்டடித் தொட்டியே தாராளம். பூந்தொட்டியை அப்படியே தண்ணீருக்குள் வைத்தே வாளிக்கு மாற்றி, பின்னாடியே ஜோடியையும் பிடித்து ஈரோட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, வாளியில் என்னங்க விரால் குஞ்சா என்று கேட்டார்கள்.

பிரித்துத்தான் ஆக வேண்டிய பாதியில் தீனியும் தண்ணீரும் சேர்த்தி. ஆஸ்கர் புலால் தின்பது. இறால், புழு, அதற்கென்றே வரும் பெரிய பெல்லட். ஆரட்டஸ் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் இனம், குடல் நீளம். ஆஸ்கருக்குப் போடும் இறாலை அது பிடுங்கித் தின்று பழகினால் வயிறு ஊதி, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கி, சில நாளில் போய்விடும். தண்ணீருக்கு வந்தால், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். எண் மலாவி ஏரியில் எட்டுக்குப் பக்கம் நிற்கும். அமேசான் மீன்களுக்கு ஏழுக்குக் கீழேதான் சுகம். ஆஸ்கர் கொஞ்சம் தாங்கும், அதே அமேசான் பக்கத்து டிஸ்கஸ் மீன் தாங்காது.

நம்ம பக்கத்தில் இந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வீட்டுக் குழாயே விடை சொல்லிவிடும். என் தங்கச்சிக்கு வடவள்ளியில் வீடு, சிறுவாணித் தண்ணி வருகிறது. தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை அதில் விட்டால் எண் ஏறவே யோசிக்கும், அவ்வளவு மென்மை. அவள் வீட்டில் ஏஞ்சல் மீனும் டிஸ்கஸும் வைத்தால் பாதி வேலை தண்ணியே செய்துவிடும். ஈரோட்டில் என் வீட்டு போர் தண்ணியில் அதே மீட்டர் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அந்தத் தண்ணியைக் காவிரித் தண்ணியோடு பாதிப் பாதி கலந்தால் மலாவி மீன் சந்தோஷமாக இருக்கிறது. எங்க ஊரில் உப்புத் தண்ணி என்று எல்லாரும் சலித்துக்கொள்வதை நான் மட்டும் மெச்சிக்கொள்வேன். என்ன தண்ணி வருகிறதோ அதற்கேற்ற மீன் என்று வைத்துக்கொள்கிறவர்களுக்கு வெசனம் குறைவு. எந்நேரமும் பொருந்தாத தண்ணியில் கிடக்கிற மீன் சிடுசிடுப்பாகவே இருக்கும், இல்லாவிட்டால் நோஞ்சானாகி அடி வாங்கும்.

சரி, இப்போது தணிக்கக்கூடிய பாதி.

மலாவி மீன்களுக்குள்ளே நடப்பது பங்காளித் தகராறு. ஒரே இனம், ஒரே நிறம், ஒரே மாதிரிக் கோடு இருந்தால்தான் முறைப்பு அதிகம். முற்றிலும் வேறு மாதிரி இருக்கும் மீனை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால் ஒரே தொட்டிக்கு மீன் எடுக்கும்போது நிறமும் கோடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் எடுங்கள். ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கட்டும். ஒரு பெண் மட்டும் இருந்தால் துரத்தித் துரத்தியே அதைக் கொன்றுவிடும்.

பெருந்துறைத் தொட்டியில் பெரிய ஆரட்டஸ் ஒன்று கறுத்துப் போயிருந்தது. அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கிறது என்று பையன் பயந்திருந்தான். ஆரட்டஸ் சின்னதில் பளீர் மஞ்சள், மேலே கறுப்புப் பட்டை. பெண் அப்படியே இருக்கும். ஆண் தலையெடுத்தால் நிறம் தலைகீழாகும்: உடம்பு கறுத்து, பட்டை வெளிறும். அதைப் பார்த்தால் அந்தத் தொட்டிக்கு நாட்டாமை வந்துவிட்டார் என்று அர்த்தம். மீதி இரண்டு ஆரட்டஸும் எல்லோ லேபும் மஞ்சள். நாட்டாமைக்கு அந்த மஞ்சளைக் கண்டாலே ஆகவில்லை. எல்லோ லேப் மலாவிப் பாறை மீன்களிலேயே சாதுவானது. ஆரட்டஸ் அதில் பொல்லாதது. ஒரே ஏரி, ஒரே தண்ணி என்றாலும் இந்த இரண்டையும் நாலடியில் சேர்த்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆரட்டஸ் வேண்டுமென்றால் ஆறடித் தொட்டி, ஒரு ஆணுக்கு ஆறேழு பெண், கூட அதே மாதிரி முரட்டு மீன்கள். சின்னதில் அழகாக இருப்பதால் கடையில் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

அடிக்கிற மீனை எடுக்க வேண்டுமா, அடி வாங்குகிற மீனை எடுக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தெரிந்தவர்கள் பலபேர் அடிபட்டதைத்தான் எடுக்கிறார்கள். பாவமாக இருக்கும், தெரியும். ஆனால் அதை எடுத்தால் நாட்டாமை அடுத்ததைப் பிடிக்கும். எடுக்க வேண்டியது நாட்டாமையை. மாடிப்படித் தொட்டியில் ஒன்றிரண்டு வாரம் போட்டு வைத்து, அந்த நேரத்தில் பெரிய தொட்டியில் கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கி, இரவு விளக்கை அணைத்த பிறகு திரும்ப விட்டால், அது வந்து சேரும்போது புது ஆள். மற்றவை இடம் பிடித்திருக்கும். சில சமயம் ஒழுங்காகிவிடும். சில மீன் இரண்டே நாளில் பழைய வேலையை ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் அதைக் கடைக்கோ வேறு தொட்டிக்கோ கொடுத்துவிடுவதுதான் வழி. தனித் தொட்டி இல்லாதவர்கள் காய்கறி வைக்கிற ஓட்டைப் பிளாஸ்டிக் கூடை ஒன்றை வாங்கி, விளிம்பைத் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டித் தொங்கவிட்டு அதற்குள் நாட்டாமையைப் போடலாம். குதிக்காமல் மேலே ஒரு மூடி வேண்டும்.

கல் அடுக்குவதில் அழகு பார்க்காதீர்கள். நடுவில் ஒரு மலை, இரண்டு பக்கமும் வெட்டவெளி என்று வைத்தால் ஒரு மூலையில் நிற்கும் மீனுக்கு மறு மூலை தெரியும், தெரிந்தால் துரத்தும். அடுக்கு நீளவாக்கில் முழுக்க வரவேண்டும், தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் கீழே வரை உயரவேண்டும், ஒவ்வொரு பொந்துக்கும் நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். ஒரே வழி உள்ள பொந்தில் மாட்டிய மீன் செத்தது. நான் பாதிக்கு மேல் வெங்கச்சங்கல்தான் போட்டிருக்கிறேன், அப்புச்சி தோட்டத்தில் வரப்போரம் பொறுக்கியது. அது தண்ணியை ஒன்றும் செய்யாது. சுக்காங்கல் போட்டால் சுண்ணாம்பு கரைந்து தண்ணி கடினமாகும். மலாவிக்கு நல்லது, அமேசான் மீனுக்கு ஆகாது. எது எதுவென்று தெரியாவிட்டால் கல் மேல் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. பெரிய கல்லை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் ஒரு தெர்மோகோல் தகட்டைப் போட்டு அதன் மேல் வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். இந்த மீன்கள் தோண்டும். தோண்டினால் கல் சரியும்.

மலாவித் தொட்டியில் நெருக்கமாக மீன் விடுவதும் ஒரு வழி. நாலடியில் ஐந்து மீன் இருந்தால் அடி முழுவதும் ஒரே ஆள் வாங்கும். இருபது இருந்தால் அடி பங்காகிவிடும், யாரையும் நின்று துரத்த முடியாது. எல்லோ லேப், ரஸ்டி, ஏசி என்று மலாவி இனங்களில் சாதுவாகப் பார்த்து இருபது வரை விடலாம். ஆனால் இது செலவு பிடிக்கிற வழி. ஃபில்டர் மணிக்குத் தொட்டித் தண்ணியை ஆறேழு முறை சுற்றவேண்டும், வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணி மாற்றவேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும் நாளில், பேட்டரி ஏர் பம்ப் இல்லாவிட்டால் நெருக்கமான தொட்டியில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆஸ்கர், கான்விக்ட் மாதிரி அமெரிக்க மீன்களுக்கு இந்த நெருக்கடி வைத்தியம் ஆகாது. அவற்றுக்கு இடம்தான் மருந்து.

பிறகு வெயில். ஈரோட்டுச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தொட்டித் தண்ணி 31, 32 டிகிரிக்குப் போகும். சூடு ஏற ஏற மீனுக்குப் பசியும் முரட்டுத்தனமும் கூடும், தண்ணியில் ஆக்சிஜன் குறையும். அந்த மாதங்களில் ஹீட்டரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணி சீக்கிரம் வற்றும், நல்ல தண்ணியாக ஊற்றிக்கொள்ளுங்கள். 25, 26-இல் நிற்கும் தொட்டியில் சண்டை கண்ணுக்குத் தெரியும்படிக் குறைகிறது.

கிழிந்த துடுப்பு தானாக வளரும். தண்ணி சுத்தமாக இருந்தால் போதும். தேவைப்பட்டால் லிட்டருக்கு ஒன்று, இரண்டு கிராம் கல் உப்பு. கண்ட மருந்தையும் ஊற்றாதீர்கள்.

இந்தக் குடும்பமே இப்படித்தான். ஜாக் டெம்ப்சி என்று ஒரு சிக்லிட்டுக்கு, 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், பவானிசாகர் பக்கம் மசாலா தடவி வறுத்துத் தருகிறார்களே ஜிலேபி, அதுவும் சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ஆண் அடித்தரையில் குழி தோண்டி, அந்தக் குழிக்காக மற்ற ஆண்களோடு மல்லுக்கட்டும். பெண் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். மலாவி மீன்களின் பெண்ணும் வாயில்தான் சுமக்கும், மூன்று வாரம் போல, சாப்பிடாமல். அந்த நேரத்தில் அதை யாரும் விரட்டாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

பெருந்துறைத் தொட்டியில் இப்போது ஒரு ஆஸ்கரும் இரண்டு சில்வர் டாலர் மீனும் இருக்கின்றன. எல்லோ லேப் நாலும் என் ஹால் தொட்டிக்கு வந்துவிட்டன. இன்னொரு ஆஸ்கரை ஆறடித் தொட்டி வைத்திருக்கும் மண்டி முதலாளி வாங்கிக்கொண்டார். ஆரட்டஸ் மூன்றையும் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், பாதி விலைக்கு. பிளட் பேரட் தங்கச்சி வீட்டில், ஏஞ்சல்களோடு. பையன் அடுத்து ஃபிளவர்ஹார்ன் ஒன்று விடட்டுமா என்று கேட்கிறான். தொண்ணூறுகளில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பு மீன் அது. தலையில் மேடு, கடைக்கு அதிர்ஷ்டம் என்று கல்லாப்பெட்டிப் பக்கத்தில் வைக்கிறார்களே, அதுதான். "வெய்யி. ஆனா அது ஒண்ணுதான் அந்தத் தொட்டியில இருக்கோணும். ஆஸ்கரை எங்க கொண்டு போறதுன்னு முதல்ல சொல்லு" என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

கான்விக்ட் ஜோடி மாடிப்படித் தொட்டியில் குஞ்சுகளோடு இருக்கிறது. குஞ்சு நிறைய. எந்தக் கடையும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்க, காசு வேண்டாம். தொட்டி எத்தனை அடி, அதில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தருவேன்.